நாக்கு ஒட்டுகிறதா? முதலில் ஒரு கோப்பையில் துப்பி எடை போடுங்கள்

மும்பைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அப்படிப்பட்ட ஊரில், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ இருக்கும் ஒரு பெரியவர் "நாக்கு மேலண்ணத்தில ஒட்டிக்குது, நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியல" என்று சொன்னால், வீட்டில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "தண்ணி நிறையக் குடிங்க." பல் மருத்துவரிடம் போனாலும் பல சமயம் இதே பதில்தான் கிடைக்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த யோசனை ஆபத்து. கதிர்வீச்சு எடுத்தவருக்கு இது போதவே போதாது. மாத்திரையால் வறண்டவருக்கோ காரணம் அப்படியே இருக்கும், இரவில் நாலு முறை கழிவறைக்கு எழுந்திருப்பதுதான் மிச்சம்.

வாய் உலர்ந்தது போல் தோன்றுவது ஒன்று, உமிழ்நீர் உண்மையிலேயே குறைந்திருப்பது வேறொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. வழக்கமாக ஊறும் அளவில் ஏறக்குறைய பாதி குறைந்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு வறட்சி தெரியவே ஆரம்பிக்கும். அதனால் ஒன்றும் தெரியாமலே பல் வேர்கள் சொத்தையாகிக் கொண்டிருப்பவர்கள் உண்டு. மறுபக்கம், நாள் முழுக்க வாய் எரிகிறது, வறள்கிறது என்பவரை அளந்து பார்த்தால் ஊறுவது சரியாகவே இருக்கும். அவருக்கு நரம்பு சார்ந்த எரிவாய் நோயோ மனப்பதற்றமோ இருக்கலாம். செயற்கை உமிழ்நீர் ஸ்ப்ரே வாங்கிக் கொடுத்து அவரைக் குணப்படுத்த முடியாது.

கேள்வி கேட்டே ஓரளவு பிரித்துவிடலாம். "வாய் உலர்கிறதா?" என்று மொட்டையாகக் கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். "பொரியோ மேரி பிஸ்கட்டோ தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா? இட்லி சாப்பிடும்போதே நடுநடுவே தண்ணீர் தேவைப்படுகிறதா?" என்று கேட்க வேண்டும். சாப்பிடும்போது வறட்சி என்றால் சுரப்பியில் பெரும்பாலும் நிஜமான குறை இருக்கிறது. இரவில் மட்டும் என்றால் முதலில் மூக்கடைப்பு, குறட்டை, ஏசி, வாய் திறந்து தூங்கும் பழக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். தூக்கத்தில் எல்லோருக்குமே உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும்.

எச்சில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றது புரியும். காதுக்கு முன்னால் உள்ள காதடிச் சுரப்பிகள் இரண்டு, கீழ்த்தாடை ஓரத்தில் இரண்டு, நாக்குக்கு அடியில் இரண்டு. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் எங்கும் பல நூறு குட்டிச் சுரப்பிகள். சும்மா இருக்கும்போது வாயை நனைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கீழ்த்தாடைச் சுரப்பிகளின் வேலை. மெல்லத் தொடங்கியதும் காதடிச் சுரப்பி முன்னே வந்து, தண்ணீர் போன்ற எச்சிலைப் பாதிக்கு மேல் தரும். ஆக வாயில் இரண்டு வகை ஊற்று: ஓய்வில் ஊறுவது, மெல்லும்போது ஊறுவது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு பிளாஸ்டிக் கோப்பை, கைபேசியில் டைமர், அவ்வளவுதான். காலை 9 முதல் 11 மணிக்குள் செய்யுங்கள். உமிழ்நீர் பிற்பகலில் கூடும், இரவில் சரியும். ஒருநாள் காலையில் அளந்துவிட்டு மறுமுறை மாலையில் அளந்தால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, காபி, பல் தேய்த்தல், புகை, பாக்கு எதுவும் கூடாது. லோக்கல் ரயிலில் நசுங்கி, படியேறி வந்தவரை உடனே அளக்காதீர்கள். பத்து நிமிடம் உட்காரட்டும். பதற்றமும் வியர்வையும் எண்ணைக் குறைத்துக் காட்டும்.

வெறும் கோப்பையை எடை போட்டுக் குறித்துக் கொள்ளவும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, வாயில் இருப்பதை ஒருமுறை விழுங்கிவிட்டு டைமரைத் தொடங்கவும். அதன்பின் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, நாக்கைச் சப்பக் கூடாது. ஊறுவது தானாகச் சேரட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பையில் துப்பினால் போதும். 5 நிமிடம் முடிந்ததும் மறுபடி எடை. ஒரு கிராம் எச்சிலை ஒரு மில்லி என்றே கொள்ளலாம். உதாரணமாக, வெறும் கோப்பை 8.40 கிராம், பிறகு 8.95 என்றால் ஊறியது 0.55. ஐந்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.11 மில்லி. 0.3, 0.4 என்பது சாதாரணம். 0.1 அல்லது அதற்கும் கீழே என்றால் சுரப்பு குறைந்துவிட்டது என்றே பொருள்.

அடுத்தது மெல்லும் அளவு. வாசனையும் இனிப்பும் இல்லாத பாரஃபின் மெழுகு ஒரு கிராம் வாயில் போட்டு, முதல் ஒரு நிமிடம் ஊறுவதை விழுங்கிவிட்டு, அடுத்த 5 நிமிடம் மென்றபடியே துப்ப வேண்டும். நிமிடத்துக்கு 1 முதல் 2 மில்லி வந்தால் நல்லது. 0.5-க்குக் கீழே போனால் கவலைதான். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எடை போடாமல் கோப்பையின் கோட்டைப் பார்த்து மில்லியைப் படிப்பது. வறண்ட வாயின் எச்சில் நுரையும் இழையுமாக வரும். நுரை கோட்டை உயர்த்திக் காட்டிவிடும். எடை ஏமாற்றாது. இனிப்புச் சூயிங்கம் மெல்லச் சொல்லி அளப்பது இன்னொரு தவறு. சர்க்கரையே எச்சிலை வரவழைத்துவிடும், மெல்லுதலால் வந்தது எவ்வளவு என்று தெரியாமல் போகும்.

இந்த இரண்டு எண்கள் ஏன் முக்கியம் என்றால், சிகிச்சையின் திசையே இதில் இருக்கிறது. ஓய்வு அளவு குறைந்து, மெல்லும் அளவு நன்றாக இருந்தால் சுரப்பி உயிரோடு இருக்கிறது, தூண்டினால் ஊறும். இரண்டுமே தரையில் கிடந்தால் தூண்டிப் பெரிதாகப் பலன் இராது. வெளியிலிருந்து ஈரம் கொடுப்பதும், அதைவிட முக்கியமாகப் பல்லைக் காப்பதும்தான் வேலை.

முதல் வகைக்கு மிகப் பொதுவான காரணம் மாத்திரை. வயதானால் வாய் வறளும் என்பது பாதி உண்மைகூட இல்லை. வயதானால் மாத்திரைகள் கூடுகின்றன, அவைதான் வறளச் செய்கின்றன. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் இரவில் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்கான ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனசின், நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில், சளி சிரப்பிலும் அலர்ஜி மாத்திரையிலும் இருக்கும் குளோர்ஃபெனிரமின், ஆஸ்துமா மற்றும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கான டியோட்ரோபியம் இன்ஹேலர் ஆகிய எல்லாமே சுரப்பிக்குப் போகும் நரம்புச் செய்தியை வாசலிலேயே நிறுத்திவிடும். குளோனிடின் வேறு வழியில் அதையே செய்கிறது. நீர் பிரியும் மாத்திரை உடலின் நீரைக் குறைத்து வறட்சியைக் கூட்டும். ஒவ்வொன்றும் தனியாகச் சிறிதுதான் செய்யும். நாலு சேர்ந்தால் வாய் மணல்.

எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இதே வேலைக்கு வாய் வறளாத வேறு மருந்து உண்டா? அளவைக் குறைக்கலாமா? நேரத்தை மாற்றலாமா? எச்சில் இரவில்தான் மிகக் குறைவு என்பதால், தூக்கம் வரவழைக்காத மருந்தைக் காலைக்கு மாற்றுவது சிலருக்கு உதவும். அமிட்ரிப்டிலினை அப்படி மாற்ற முடியாது, மறுநாள் முழுக்க ஆள் தள்ளாடுவார். மருந்து மாறிய நாலு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி எடை போடுங்கள். "கொஞ்சம் தேவலை" என்ற வார்த்தையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

சர்க்கரை நோயாளியின் வறட்சியில் மூன்று நான்கு காரணங்கள் பின்னிக் கிடக்கும். ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியும், கூடவே தண்ணீரும் போகும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளித்தான் வேலை செய்கின்றன, அதிலும் நீர் போகும். பல வருட நோயில் தானியங்கி நரம்புகள் பழுதானால் சுரப்பிக்குச் செய்தியே சரியாகப் போகாது. முதல் இரண்டும் சர்க்கரை கட்டுப்பட்டு, போதுமான தண்ணீர் உள்ளே போனால் சரியாகும், மூன்றாவது அப்படியல்ல. புதிதாக வறட்சி என்று வருகிறவருக்கு, சர்க்கரை இருப்பதே தெரியாதவராக இருந்தாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்துவிட வேண்டும். கடைவாய் வெடித்து, நாக்கு சிவந்து வழவழவென்று இருந்தால் பூஞ்சை சேர்ந்திருக்கலாம். அதைத் தீர்க்காமல் ஈரம் மட்டும் கொடுத்தால் எரிச்சல் போகாது. இங்கே ஒரு எச்சரிக்கை: இதய நோய்க்கு வார்ஃபரின் எடுப்பவர் வாய்ப் பூஞ்சைக்கு மைகோனசோல் ஜெல் தடவினால் ரத்தப்போக்கு வரும் அளவுக்கு வார்ஃபரினின் வீரியம் ஏறிவிடும். வெறும் வாய் ஜெல்தானே என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

டயாலிசிஸில் இருப்பவர் நிலை எல்லாவற்றிலும் கொடுமை. வாய் காய்கிறது, குடிக்கவும் கூடாது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடையைக் கட்டுக்குள் வைக்க, அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை மில்லி என்று சிறுநீரக மருத்துவர் சொல்லியிருப்பார். அந்த அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து, காபியும் மோரும் ரசமும் அதிலிருந்தே கழிய வேண்டும். அதில் ஒரு பகுதியைச் சிறு ஐஸ் தட்டில் உறைய வைத்தால், 15 மில்லி கட்டி ஒன்று வாயில் பல நிமிடம் நிற்கும். அதையே தண்ணீராகக் குடித்தால் ஒரு மடக்கு. ஐஸும் தண்ணீர்தான், கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. சர்க்கரையில்லாத சூயிங்கம் இவருக்கு மிக நல்ல துணை. கணக்கில் சேராத ஈரம் அது. தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடாபாவோடு வரும் காரப்பொடி இவற்றைக் குறைக்காமல் வறட்சியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று யாராவது இளநீர் வாங்கிக் கொடுத்தால் கண்டிப்பாக மறுக்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் இவர்கள் இதயத்தை நிறுத்திவிடக் கூடியது.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை 1941-லிருந்து இயங்குகிற ஊர் என்பதால், சிகிச்சை முடிந்து குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவர்களைத் தமிழ் வீடுகளிலும் பார்க்கலாம். வழக்கமான மொத்த அளவு 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம். எச்சில் முதல் வாரத்திலேயே சரியத் தொடங்கும். தண்ணீர் போன்ற எச்சிலைச் சுரக்கும் செல்கள் முதலில் சாகின்றன, அதனால்தான் மிஞ்சுவது கோந்து மாதிரி இழுபடுகிறது. இப்போதைய தீவிரம் மாற்றும் கதிர்வீச்சு முறையில் காதடிச் சுரப்பி ஒன்றையாவது சராசரி 20 கிரேக்குக் கீழோ, இரண்டையும் 25-க்குக் கீழோ வைக்க முயல்கிறார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் மெல்லும்போது ஊறுவது ஓரளவு திரும்பும். ஆனால் கீழ்த்தாடைச் சுரப்பி கதிரின் பாதையில் இருந்திருந்தால் ஓய்வு ஊற்று திரும்பாது. "சாப்பிட முடியுது டாக்டர், ராத்திரிதான் செத்துப் போறேன்" என்று அவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இவர்களுக்குப் பல் வேலை கதிர்வீச்சுக்கு முன்பே தொடங்க வேண்டும். காப்பாற்ற முடியாத பற்களைச் சிகிச்சை தொடங்க இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே பிடுங்கி, காயம் ஆற விட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு, அதிலும் 60 கிரேக்கு மேல் வாங்கிய கீழ்த்தாடையின் பின்பக்கத்தில், பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப் போகும் அபாயம் வாழ்நாள் முழுக்க உண்டு. பத்து வருடம் ஆகிவிட்டதே என்று தெருமுனை கிளினிக்கில் பிடுங்கிவிடக் கூடாது. கதிர்வீச்சு விவரம் தெரிந்த மருத்துவரிடம் மட்டுமே போக வேண்டும். சொத்தையும் வழக்கமான இடத்தில் வராது. ஈறோரம் சுற்றி வளைத்தும், முன்பல் நுனியிலும் வரும். கவனிக்காவிட்டால் ஒரே வருடத்தில் வாயிலுள்ள பற்கள் முழுவதும் முறிந்து விழுந்துவிடலாம்.

தடுக்க வழி ஃபுளோரைடு. பல் அச்செடுத்துச் செய்த மென்மையான தட்டில் 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல்லை மெல்லிய கோடாக இட்டு, தினம் இரவு பல் தேய்த்த பிறகு 5 நிமிடம் வைத்திருந்து, துப்பிவிட வேண்டும். கொப்பளிக்கக் கூடாது. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தட்டு நிறைய ஜெல் போட்டால் விழுங்கிக் குமட்டும், பிறகு ஆள் அந்தத் தட்டைத் தொடவே மாட்டார். ஜெல் நடுநிலையானதாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கிளினிக்கில் வைக்கும் 1.23 சதவீத அமில ஜெல் வறண்ட வாயில் எரியும், பீங்கான் கேப்பையும் சிலவகை அடைப்புகளையும் அரிக்கும். தட்டு கட்டுப்படியாகாதவர்களுக்கு 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்லில் பூசும் 5 சதவீத ஃபுளோரைடு வார்னிஷ். சாதாரணப் பேஸ்ட்டில் இருப்பது சுமார் 1000 பிபிஎம்தான். இது ஒரு வருடப் பத்தியம் இல்லை, பல் இருக்கும்வரை தொடர வேண்டியது.

கண்ணும் சேர்ந்து உலர்ந்தால் யோசிக்க வேண்டியது ஷோக்ரன் நோய். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-ல் விவரித்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தின்னும். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். மணல் விழுந்தது போல் கண் உறுத்தல், மூட்டு வலி, தீராத அசதி, வாய் வறட்சி இவற்றை "மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கியே பல வருடம் போய்விடுகிறது. கண்டறியும் வழிகள்: கீழிமைக்குள் காகிதப் பட்டை வைத்து 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நனைகிறதா என்று பார்ப்பது, ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பான் இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் உதட்டின் உட்புறக் குட்டிச் சுரப்பியில் சதைத்துணுக்குப் பரிசோதனை. ஆன்டி-ரோ உள்ள பெண் கருவுற்றால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்க வேண்டும். கன்னத்துச் சுரப்பி வீங்கி, வீக்கம் வற்றாமல் நின்றால் தாமதிக்கக் கூடாது, நிணநீர்ப் புற்றுநோய் இவர்களிடம் கூடுதல்.

எந்தக் காரணமானாலும், சுரப்பியில் உயிர் மிஞ்சியிருந்தால் அதைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை 5 மில்லிகிராம், தினம் மூன்று நாலு வேளை, மருத்துவர் எழுதி. கதிர்வீச்சு எடுத்தவருக்குப் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம், இரண்டு வாரத்தில் கைவிடாதீர்கள். பக்க விளைவு வியர்வை. மும்பை மே மாதத்தில் இது சின்ன விஷயமில்லை, குர்லாவில் ரயில் மாறுவதற்குள் சட்டை பிழியலாம். கட்டுப்படாத ஆஸ்துமாவோ குறுகிய கோண கிளாக்கோமாவோ (ஒருவகைக் கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது.

மாவா, குட்கா போடுகிறவர் "வாய் காயுது, காரம் ஆகல" என்றால் எச்சிலை அளப்பதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். தன் மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்க முடியாவிட்டால் சதை இறுகும் நோய் தொடங்கிவிட்டது, அது புற்றுக்கு முந்தைய நிலை. மகாராஷ்டிரத்தில் குட்காவுக்குத் தடை வந்தது 2012-ல். பாக்கும் புகையிலையும் தனித்தனிப் பொட்டலமாக வாங்கிக் கலந்துகொள்வதை அது நிறுத்தவில்லை.

எச்சில் வழிகிறவர்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். பார்க்கின்சன் நோயில் வாயோரம் வடிவதற்குக் காரணம் கூடுதலாக ஊறுவது அல்ல, விழுங்குவது குறைந்து போவது. அதை நிறுத்த வறளச் செய்யும் மாத்திரை கொடுத்தால் சட்டை நனையாது, பல் போகும், முதியவருக்குக் குழப்பமும் மலச்சிக்கலும் வரும். விழுங்கும் பயிற்சியும், தேவைப்பட்டால் சுரப்பியில் போட்டுலினம் ஊசியும் மேல். மனநல சிகிச்சையில் குளோசபின் எடுப்பவருக்குத் தலையணை நனைவது மருந்தின் வேலை. வெட்கப்பட்டு மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வழி உண்டு.

இனி எல்லோருக்கும் பொதுவாகக் கெடுதல் செய்வது எது என்று பார்த்தால், முதலிடம் வாயில் அடக்கிய மிட்டாய். வறட்சிக்கு மிட்டாய் உறிஞ்சுவது எல்லோருக்கும் தோன்றும் வைத்தியம். மிட்டாயின் சர்க்கரை வாயில் அமிலமாகும். எச்சில் இருந்தால் அதிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை அரை மணியில் முறிக்கும். எச்சில் இல்லாத வாயில் அமிலம் மணிக்கணக்கில் நிற்கும். எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.5, ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் 6.2-லேயே கரையத் தொடங்கும். எலுமிச்சைத் துண்டை நக்குவதும், புளிப்பு மிட்டாயும் ஊற வைக்கும்தான், பல் உள்ளவருக்கு அந்த ஊறல் பல்லின் விலையில் வருகிறது. பல்லே இல்லாதவர் தாராளமாகச் செய்யலாம். சைலிட்டால் (பல்லைச் சொத்தையாக்காத இனிப்பு) சூயிங்கம் நல்லது. நாள் முழுக்க அரை அரை டம்ளராகச் சர்க்கரைக் காபி குடிப்பதைவிட, வேளைக்கு ஒன்றாகக் குடித்து முடிப்பது பல்லுக்கு மேல்.

கொப்பளிக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு. பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலம் கலந்திருக்கும். மாற்றிப் போட்டுவிட்டு எரிகிறது என்பார்கள். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ், நுரை பொங்கும் பேஸ்ட் இரண்டையும் தவிர்க்கவும். தூங்கும் முன் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயையோ நெய்யையோ நாக்கிலும் கன்னத்திலும் தடவினால் ஒட்டுவது குறையும், பல்லுக்குப் பாதுகாப்பு கிடையாது. பல் செட் நிற்பதே எச்சில் படலத்தின் ஒட்டலில்தான். வறண்ட வாயில் அது ஆடும், புண்ணாக்கும். போடும் முன் உட்புறத்தை நனைத்துக் கொள்ளுங்கள், இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியிலும், சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தின் பக்கம் செயின்ட் ஜார்ஜ் வளாகத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் வாய் நோய்ப் பிரிவு இருக்கிறது. சீட்டு எடுக்கும்போது பல் வலி என்று சொல்லாமல், வாய் வறட்சி, அந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இன்ஹேலர், கண் சொட்டு, இருமல் சிரப், ஆயுர்வேத லேகியம், பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த தூக்க மாத்திரை, எல்லாம். கதிர்வீச்சு எடுத்தவர் மொத்த கிரே எழுதிய டிஸ்சார்ஜ் தாளையும், டயாலிசிஸ்காரர் கடைசி வார எடைக் குறிப்பையும், வீட்டில் துப்பி எடை போட்டவர் தேதியும் நேரமும் குறித்த அந்த இரண்டு எண்களையும்.